போலிக்காம்புத் தீர்மானம்

படைத்தவன் பச்சிளங்குழந்தைக்கு வாயைத் தந்தபோது அதற்கு இரண்டே தொழில்களை விதித்தான்: அழுவது ஒன்று, உறிஞ்சுவது மற்றொன்று. இவ்விரண்டையும் மேற்பார்வை செய்ய ஓர் அமைப்பு வேண்டும் என்பது அவன் திருவுள்ளத்தில் தோன்றாமற் போயிற்று. அக்குறையை நிறைவு செய்யவே மழலையர் வாய்நலப் பேரவை தோன்றியது.

பேரவையின் கட்டடம் மூன்று தளங்களைக் கொண்டது. கீழ்த்தளத்தில் மனுக்கள் பெறப்பட்டன, நடுத்தளத்தில் அவை காத்திருந்தன, மேல்தளத்தில் மறுக்கப்பட்டன. மேல்தளத்து அவைக்கூடத்தில் குதிரை லாட வடிவில் ஒரு மேசை கிடந்தது. அதைச் சுற்றி ஏழு நாற்காலிகள். வளைவின் நடுவிலிருந்த தலைவரின் நாற்காலி மற்றவற்றைவிட நான்கு விரற்கடை உயர்ந்தது. ஏனைய அறுவரும் அந்த நான்கு விரற்கடையை நம்பியே உயிர் தரித்திருந்தனர்.

பேரவையின் பணிகளுள் தலையாயது சூப்பானைத் தடுப்பது. சூப்பான் என்பது பாலில்லாத ரப்பர் காம்பு. குழந்தையின் வாயில் வைத்தால் குழந்தை உறிஞ்சும், ஒன்றும் வராது, ஆயினும் குழந்தை அமைதியுறும். பேரவையின் ஏடுகளில் அதற்குப் 'போலிக்காம்பு' என்று பெயர். அதன் நன்மை தீமைகளை ஆராய்வதாகச் சொல்லித்தான் இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் பேரவை அமைக்கப்பட்டது. தீமைகளின் ஆராய்ச்சி முடிந்தபின் நன்மைகளின் ஆராய்ச்சி தொடங்கும் என்று முதற் கூட்டத்தில் முடிவாயிற்று. தீமைகள் இன்னும் முடியவில்லை. அதுவரை நகரின் மருத்துவமனைகள் அனைத்திலும் சூப்பான்கள் அலமாரியில் வைத்து அரக்கு முத்திரையிடப்பட வேண்டும் என்பது ஆணை.

இத்தடைக்கு ஆயுள் ஒரு மாதம். ஒவ்வொரு மாதத்தின் முதற் கூட்டத்திலும் தலைவர் எழுந்து நின்று, 'போலிக்காம்புத் தடை தொடர்க' என்று தம் வாயால் மொழிய வேண்டும். மொழிந்தால் தடை அடுத்த மாதத்திற்கு உயிர் பெறும். எழுதிக் கொடுத்தால் செல்லாது. வாய்நலத்தைக் காப்போர் வாயாலேயே காக்க வேண்டும் என்பது பேரவையை நிறுவியவர்களின் கோட்பாடு.

அவையில் ஒலித்த சொற்களையெல்லாம் ஒலித்தவாறே பதிவு செய்யப் பேரவையில் ஒரு சுருக்கெழுத்தர் இருந்தார். காதுமடலில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருந்தமையால் அவரை எல்லாரும் பென்சில் என்றே அழைத்தனர். ஒலித்தவாறே எழுத வேண்டும் என்ற விதியை அவர் பதினேழு ஆண்டுகளாக நாள் தவறாமல் மீறிவந்தார். தலைவர் ஓர் உறுப்பினரை "மடையா, உக்காருடா" என்று அதட்டினால், 'தலைவர் மாற்றுக் கருத்தை வரவேற்று, உறுப்பினரை அமருமாறு கேட்டுக்கொண்டார்' என்று எழுதுவார். பல் மருத்துவ உறுப்பினர் குறட்டை விட்டால், 'உறுப்பினர் பொருளை ஆழ்ந்து சிந்தித்தார்' என்பார். இதைச் செய்யுமாறு எவரும் அவரைப் பணிக்கவில்லை. பிறர் மானம் கெடுவதைக் காணப் பொறாத ஒரு மென்மை அவர் பிறவியிலேயே இருந்தது.

இன்னொரு விதியும் உண்டு. முந்தைய கூட்டத்தின் பதிவை அடுத்த கூட்டத்தில் உரக்க வாசித்தபின்பே உறுப்பினர்கள் ஒப்பமிட வேண்டும். பதிவுக் கட்டை மேசைமேல் வைத்ததும் தலைவர் "வாசித்ததாகக் கொள்ளப்படுகிறது" என்பார்; ஏழு பேனாக்கள் ஏழு கையெழுத்துகளை இடும். பேரவை தோன்றிய நாள்முதல் அவையில் ஒரு வரிகூட வாசிக்கப்பட்டதில்லை.

இவ்வாறு எல்லாம் ஒழுங்காக நடந்துவந்த காலத்தில், பென்சிலுக்கு ஒரு மகள் பிறந்தாள். பிறக்க வேண்டிய நாளுக்கு எட்டு வாரம் முன்னரே பிறந்துவிட்டாள்.

குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. மூக்கின் வழியே ஒரு மெல்லிய குழாய் சென்று வயிற்றில் பாலைச் சேர்த்தது. இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடுகிறதா என்று பார்க்க, நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை அதன் குதிகாலில் ஊசி குத்தி ஒரு சொட்டு எடுத்தார்கள். குதிகால் ஒரு புளியங்கொட்டை அளவே இருந்தது. தாய், பள்ளியில் கணக்கு ஆசிரியை, பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் அமர்ந்து ஒவ்வொரு குத்தையும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் தலைமைச் செவிலி இருவரையும் அழைத்துப் பேசினார்.

"சார், இவளுக்கு இன்னும் உறிஞ்சத் தெரியலை. பால் குழாயில போகுது, வாய்க்கு வேலையே இல்லை. ஒரு சூப்பானை வச்சா உறிஞ்சிப் பழகிக்குவா. சீக்கிரம் தாய்ப்பாலுக்கு வந்துடுவா. ஊசி குத்தும்போது வலியும் கொஞ்சம் குறையும்."

"அப்ப வையுங்களேன், சிஸ்டர்," என்றார் பென்சில்.

"வைக்கலாம். மறுநாள் நான் வீட்டுல இருப்பேன்." செவிலி சுவரோரத்து அலமாரியைக் காட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் பன்னிரண்டு சூப்பான்கள் வரிசையாக வீற்றிருந்தன. பூட்டின்மேல் பேரவையின் சிவப்பு அரக்கு. "உங்க ஆபீஸ் முத்திரைதான். நீங்களே போய்க் கேளுங்க."

"கெடுதலே கிடையாதா, சிஸ்டர்?" என்று தாய் கேட்டாள்.

"ஏன் இல்லாம? நாள் நிறைஞ்சு பொறந்த பிள்ளைக்கு, தாய்ப்பால் நல்லாப் பழகுறதுக்குள்ள இதைக் கொடுத்தா, பால் குடிக்கிறது தடுமாறலாம். ஆறு மாசத்துக்கு அப்புறமும் எந்நேரமும் வாயிலயே இருந்தா காதுல சீழ் கட்டலாம். மூணு நாலு வயசாகியும் விடலைன்னா பல்லு முன்னால தள்ளும். தேன் தடவிக் கொடுக்கவே கூடாது. எல்லாம் நிஜந்தான். ஆனா டீச்சர், உங்க பொண்ணுக்குப் பல்லே இல்லை. ஆறு மாசமும் ஆகலை. உங்க கணக்குப்படி பாத்தா அவ வயசு இன்னும் மைனஸ்ல இருக்கு."

தாய் ஒன்பது நாளில் முதன்முறையாகச் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். "என்னங்க, பதினேழு வருஷமா அங்கதான உழைக்கிறீங்க. உங்களுக்கு மாட்டேன்னா சொல்லுவாங்க?"

பென்சிலும் அவ்வாறே நம்பினார்.

மறுநாட் காலை அவர் கீழ்த்தளத்துச் சாளரத்தின் முன் வரிசையில் நின்றார். உள்ளே இருந்த மனு எழுத்தர் பத்து ஆண்டுகளாக அவரோடு தேநீர் அருந்தியவர். ஆயினும் சாளரத்திற்கு அப்பால் நிற்பவரை அறிந்தவராகக் காட்டிக்கொள்வது ஒழுங்குக்குப் புறம்பு.

"மனுதாரர் யாரு?"

"என் பொண்ணு."

"வந்திருக்காங்களா?"

"பொறந்து பத்து நாள்தான் ஆகுதுங்க."

"வயசு கேக்கலை சார். வந்திருக்காங்களான்னு கேட்டேன்."

"கண்ணாடிப் பெட்டியில இருக்கா. வர முடியாது."

"சரி, வராதவங்களுக்குத் தனி படிவம் இருக்கு. கோரிக்கையை மனுதாரர் தன் சொந்த வார்த்தையில சொல்லியிருக்கணும்."

"அது அழும். வேற என்ன சொல்லும்?"

"அழுகைன்னாலும் பரவாயில்லை. அதை ஒரு சான்று பெற்ற சுருக்கெழுத்தர் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"இந்த ஊர்ல சான்று பெற்ற சுருக்கெழுத்தர் நான் ஒருத்தன்தானே!"

மனு எழுத்தர் உண்மையாகவே வருந்தினார். "நீங்க அப்பா ஆச்சே, பென்சில் சார். அப்பாவே எழுதினா பாரபட்சம்னு நாளைக்கு ஒருத்தன் கேக்க மாட்டானா? நீங்களே சொல்லுங்க."

இருவரும் நெடுநேரம் விதிநூலைப் புரட்டி, 'மனுதாரர் மௌனமாகக் கோருவதாகக் கருதுக' என்றொரு விலக்கைக் கண்டெடுத்தனர். அதற்கு முத்திரை குத்தியபின் மனு நடுத்தளத்திற்கு ஏறியது. பற்சான்று பெறுவதற்காகப் பென்சிலும் உடன் ஏறினார்.

பல் மருத்துவ உறுப்பினர் மனுவைக் கண்ணுக்கு வெகு அருகில் பிடித்துப் பார்த்தார். "எத்தனை பல்லு?"

"ஒண்ணுகூட இல்லைங்க, டாக்டர்."

"எல்லாமே போயிடுச்சா! அடப் பாவமே. இப்பவாவது புரியுதா, சூப்பான் எவ்வளவு கெடுதல்னு?"

"அவ இன்னும் சூப்பானை வாயில வைக்கவே இல்லைங்க."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். "வைக்கிறதுக்கு முன்னாடியே இந்த நிலைமைன்னா, வச்சா என்ன ஆகும்? யோசிச்சுப் பாருங்க."

சான்றில், 'பற்கள்: முழுமையாக இல்லை. அபாயம்: உச்சநிலை' என்று எழுதி ஒப்பமிட்டார். பென்சில் நன்றி கூறி வெளியே வந்தார். படிக்கட்டில் இறங்கும்போதுதான் எதற்காக நன்றி கூறினோம் என்று யோசித்தார்.

பேரவை ஊழியர் என்ற சலுகையால் மனு மூன்றே நாளில் அவையேறியது. பென்சில் தம் வழக்கமான சிறு மேசையில் அமர்ந்து, தம் மகளைப் பற்றிய விவாதத்தைத் தாமே பதியத் தொடங்கினார்.

ஒழுக்கவியல் பேராசிரியர் முதலில் எழுந்தார். தலைவரின் நாற்காலிக்கு அடுத்த நாற்காலி அவருடையது. "அவையோரே! காம்பு இருக்கு, பால் இல்லை. இதைவிடப் பெரிய பொய் உலகத்துல உண்டா? உள்ளே ஒண்ணுமே இல்லாத ஒரு பொருளைக் கொடுத்து, அழுகிறவன் வாயை அடைக்கிறது சாதாரண வேலையா? அதுக்குப் படிப்பு வேணும், பதவி வேணும், அனுபவம் வேணும். நாம இங்க இருபத்து நாலு வருஷமா அதைத்தான் பொறுப்போட செஞ்சிட்டு வர்றோம். அதைக் கடைத்தெருவுல கண்டவனும் ரப்பர்ல செஞ்சு விக்கலாமா?"

உறுப்பினர்கள் தலையசைத்தனர்.

பல் மருத்துவர் எழுந்து, இருபத்தைந்து ஆண்டுகளாகத் தாம் பார்த்த கோணற்பற்களின் வகைகளை விரித்துரைத்தார். மனுதாரருக்குப் பல் இல்லை என்பதை ஒருவர் நினைவூட்டியபோது, "இப்ப இல்லை. ஆனா முளைக்கும் பாருங்க, அதுதான் ஆபத்து," என்றார்.

கடைசியில் இருந்த உறுப்பினர் ஒருவர், புதிதாகச் சேர்ந்தவர், ஓர் ஐயத்தை எழுப்பினார். "ஐயா, குறைமாசப் பிள்ளைகளுக்கு இது நல்லதுன்னு டாக்டருங்க சொல்றாங்க. தூக்கத்துல திடீர்னு மூச்சு நின்னு போறதுகூட குறையுதாம். நன்மைப் பக்கத்தையும் ஒரு தடவை பாத்துட்டா என்ன?"

தலைவர் அவரைக் கனிவோடு நோக்கினார். "தம்பி, நீ புதுசு. நன்மையையும் தீமையையும் சேர்த்துப் பாத்தா முடிவு வந்துடும்ப்பா. முடிவு வந்துட்டா அப்புறம் நாம எதுக்கு?"

புதியவர் அமர்ந்தார். அவர் அதன்பின் எந்த ஐயத்தையும் எழுப்பியதில்லை.

"மனு தொண்ணூறு நாளைக்குத் தள்ளி வைக்கப்படுது," என்றார் தலைவர். "அதுவரைக்கும் மனுதாரர் பொறுமையா இருக்கணும்னு அவை கேட்டுக்குது."

அப்போதுதான் பதினேழு ஆண்டுகளில் நிகழாத ஒன்று நிகழ்ந்தது. சிறு மேசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ஐயா, ஒரு வார்த்தை. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை குத்துறாங்க. தொண்ணூறு நாள் அது..."

அவை திகைத்தது. மைப் புட்டி வாய் திறந்து பேசியிருந்தாலும் அவ்வளவு திகைத்திராது. தலைவரின் முகம் சிவந்தது. அவர் மேசையை ஓங்கிக் குத்தினார்.

"யாருடா உன்னைப் பேசச் சொன்னது? சூப்பான், சூப்பான்னு காது புளிச்சுப் போச்சு! இனிமே இந்த அவையில உக்கார்றவன் எவனா இருந்தாலும், முதல்ல தன் வாயில ஒரு சூப்பானைச் செருகிக்கிட்டு உக்காரட்டும்! முப்பது கூட்டம் அப்படியே உக்காந்து பாக்கட்டும்! நடுவுல எடுக்கிறவன் நாற்காலியை விட்டு எந்திரிச்சுப் போகட்டும்! அப்பத் தெரியும் அதோட லட்சணம்!"

தலைவர் சினந்தால் மேசையைத் தட்டுவது உறுப்பினர்களின் மரபு. அறுவரும் ஒருசேரத் தட்டினர். அனைவரும் தட்டிய உரை தீர்மானமாகும் என்பது பேரவையின் நான்காம் விதி. அது அந்நேரத்தில் எவர் நினைவிலும் இல்லை, பென்சில் நினைவிலும் இல்லை. அவர் கை தானாக எழுதிக்கொண்டிருந்தது. கண்ணில் நீர் மறைத்ததால் சில கோடுகள் சாய்ந்து விழுந்தன, அவ்வளவே.

மாலை அவர் மருத்துவமனைக்குச் சென்றபோது குத்தும் நேரம். செவிலி குதிகாலை விரலால் துடைத்து ஊசியை வைத்தார். குழந்தையின் முகம் சுருங்கியது, வாய் அகலத் திறந்தது, ஓசை வரவில்லை. திறந்த வாய் காற்றில் எதையோ தேடி இருமுறை அசைந்து, பின் மெல்ல மூடிக்கொண்டது.

"அழக்கூடத் தெம்பு இல்லைங்க," என்றாள் தாய். "வாயை மட்டும் திறக்கிறா. என்ன சொன்னாங்க?"

"தொண்ணூறு நாள்."

"ஒரு நாளைக்கு ஆறு. தொண்ணூறு நாளைக்கு ஐந்நூத்தி நாப்பது," என்றாள். அவள் குரலில் கண்ணீர் இல்லை. கரும்பலகையில் விடையெழுதிக் கோடிழுப்பவள் குரலாக அது இருந்தது. "ஐந்நூத்தி நாப்பது தடவை இவ வாயைத் திறக்கணும். அவங்க அந்த அலமாரியை ஒரு தடவை திறந்தா போதும். திறக்க மாட்டாங்களா?"

பென்சில் அலுவலகத்திற்குத் திரும்பினார். காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, பதிவைத் தட்டெழுதத் தொடங்கினார். தலைவர் சினந்த இடம் வந்தது. பழக்கத்தால் விரல்கள், 'தலைவர் பொறுமையின் இன்றியமையாமையை வலியுறுத்தினார்' என்று தொடங்கின. நிறுத்தினார். அந்தத் தாளை உருவிக் கிழித்தார். புதுத் தாளைச் செருகி, 'யாருடா உன்னைப் பேசச் சொன்னது' என்பதிலிருந்து 'அதோட லட்சணம்' என்பதுவரை ஓர் எழுத்தும் மாறாமல் அடித்தார். கீழே, 'உறுப்பினர் அறுவரும் மேசையைத் தட்டி ஏற்றனர். நான்காம் விதியின்படி இது தீர்மானம் இருநூற்றுப் பதினொன்று' என்று சேர்த்தார்.

அவர் திரிக்கவில்லை, கூட்டவில்லை. கேளாமலே அவர்களுக்குப் பதினேழு ஆண்டுகள் செய்துவந்த ஒரு தயவை அன்று செய்யாது விட்டார். பேராசிரியரின் உரையையும் பல் மருத்துவரின் அபாயத்தையும் அவ்வாறே அடித்தார். பேரவையின் வரலாற்றில் விதிப்படி எழுதப்பட்ட முதற்பதிவு அதுவே.

அடுத்த வாரக் கூட்டத்தில் பதிவுக் கட்டு மேசைமேல் வைக்கப்பட்டது. "வாசித்ததாகக் கொள்ளப்படுகிறது," என்றார் தலைவர். ஏழு பேனாக்கள் ஏழு கையெழுத்துகளை இட்டன.

ஒப்பமிட்ட தீர்மானங்களை நிறைவேற்றுவதற்கென்று ஓர் ஒழுங்கு அலுவலர் இருந்தார். பேரவையின் பதிவுகளை வாசிக்கும் ஒரே மனிதர் அவர். அது அவருடைய வேலை. 'கருத்துப் பரிமாறப்பட்டது', 'ஆழ்ந்து சிந்திக்கப்பட்டது' என்பனவற்றையே ஆண்டுக்கணக்காக வாசித்து, நிறைவேற்ற ஏதுமின்றி அவர் தலை நரைத்துவிட்டது. இருநூற்றுப் பதினொன்றை வாசித்தபோது அவர் எழுந்து நின்றுவிட்டதாகவும், முகம் கழுவி வந்து மீண்டும் வாசித்ததாகவும் சொல்வர். இன்னது செய்க, இத்தனை நாள் செய்க, செய்யாதவனுக்கு இன்னது நேரும் என்று இவ்வளவு தெளிவாக ஒரு தீர்மானம் தம் வாழ்நாளில் வரும் என்று அவர் எண்ணியதேயில்லை.

மாதத்தின் முதற் கூட்டம் வந்தது. உறுப்பினர்கள் அமருமுன், ஒழுங்கு அலுவலர் ஓர் எவர்சில்வர் தட்டை ஏந்தி உள்ளே நுழைந்தார். தட்டில் ஏழு சூப்பான்கள்; சுருக்கெழுத்தரின் சிறு மேசை விதிப்படி அவையில் சேராது.

"என்னய்யா இது?" என்றார் தலைவர்.

"இருநூத்திப் பதினொண்ணுங்க ஐயா. கொதிக்க வச்சு ஆற வச்சிருக்கேன். பெரியவங்க அளவு எங்கயும் கிடைக்கலை. இருக்கிறதுலயே பெருசு, ஒன்றரை வயசுக்கானது."

பதிவை வாங்கிப் பார்த்த தலைவரின் கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்தது. "நான் கோவத்துல சொன்னதுய்யா இது!"

"ஏகமனதாத் தட்டியிருக்காங்க. ஏழு கையெழுத்து இருக்குங்க. முதல் கையெழுத்து உங்களோடது."

"அப்ப ரத்து பண்றேன். இந்த நிமிஷமே."

"தாராளமாப் பண்ணலாம்ங்க. கூட்டத்துல சொல்லணும். கூட்டம்னு உக்காந்தா இது வாயில இருக்கணும்."

"உக்கார்றதுக்கு முன்னாடி சொல்றேன்யா!"

"அதுக்கு முன்னாடி சொன்னா அது கூட்டமே இல்லைங்களே, ஐயா."

தலைவர் சிறு மேசையைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்டா, நான் சொன்னதை அப்படியேவா எழுதுவாங்க?"

"விதி அப்படித்தாங்க சொல்லுது," என்றார் பென்சில்.

எழுவரும் சேர்ந்து மறுத்திருந்தால் அத்தீர்மானம் அன்றே மாண்டிருக்கும். ஆனால் அறுவர் கண்களும் நான்கு விரற்கடை உயர்ந்த நாற்காலிமேல் இருந்தன. ஒழுக்கவியல் பேராசிரியர் தலைவரை ஓரக்கண்ணால் நோக்கி, "தீர்மானம்னா தீர்மானந்தான்," என்று சொல்லித் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, பிரசாதத்தை வாங்குபவர் போலக் கண்மூடி வாயில் இட்டு அமர்ந்தார். அவர் அமர்ந்தபின் மற்றவர் நிற்க முடியாது. பல் மருத்துவர் இட்டுக்கொண்டபோது அவருடைய மேல்வரிசைப் பற்கள் முழுதும் ஒரு கட்டாகக் கழன்று மடியில் விழுந்தன. அவை கட்டுப்பற்கள் என்பது அன்றுதான் பேரவைக்குத் தெரிந்தது. தலைவர் கடைசி வரை நின்றார். பேராசிரியரின் கை தம் நாற்காலியின் பிடியைத் தடவுவதைக் கண்டதும், எஞ்சியிருந்த ஒன்றை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அதன் முகப்பில் ஒரு மஞ்சள் வாத்து சிரித்துக்கொண்டிருந்தது.

கூட்டம் தொடங்கிற்று. பொருள் ஒன்று: போலிக்காம்புத் தடையைத் தொடர்தல்.

தலைவர் எழுந்தார். மரபுப்படி மார்பை நிமிர்த்தினார். "ம்ப்பூ," என்றார்.

பென்சில் எழுதிக்கொண்டார்.

"ம்ப்பூளீ... ம்ம்ப்பு... ம்மழ!" நெற்றி நரம்பு புடைக்க, வாத்து மேலும் கீழும் ஆடிற்று.

"ஐயா, ஒலித்தது அப்படியே பதிவாயிடுச்சு," என்றார் பென்சில் பணிவாக. "என்ன வார்த்தைன்னு ஊகிச்சு எழுத எனக்கு அதிகாரம் இல்லைங்க."

தலைவர் ஒரு தாளைப் பிடுங்கி எழுதி நீட்டினார். ஒழுங்கு அலுவலர் அதை இரு கையாலும் வாங்கி, வாசியாமலே திருப்பித் தந்தார். "எழுதிக் கொடுத்தா செல்லாதுங்க. வாயாலதான் காக்கணும்."

வாயைத் திறந்து மூன்று சொல் சொன்னால் தடை பிழைக்கும். சொன்னவரின் நாற்காலி போகும். தலைவர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். அறுவரும் குழந்தைகளைப் போல அகன்ற விழிகளோடு அவர் வாயையே பார்த்தபடி, சீராக, ஆவலாக, உறிஞ்சிக்கொண்டிருந்தனர். அவர் அமர்ந்தார்.

ஒரு மணி நேரம் அவ்வாறு சென்றது. உறிஞ்சும் ஓசையன்றி வேறொன்றும் பதிவாகவில்லை. நண்பகல் மணி அடித்ததும் ஒழுங்கு அலுவலர், "தடையைத் தொடர யாரும் மொழியலை. தடை காலாவதி," என்று அறிவித்தார். பென்சில் அதன் நகலில் முத்திரையிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மருத்துவமனைக்கு அவர் நடந்தே சென்றார். பாதி வழியில் தாம் ஓடிக்கொண்டிருப்பதை உணர்ந்தார். செவிலி நகலை இருமுறை வாசித்தார். பின் அலமாரியருகே சென்று, சிறு கத்தியால் அரக்கைச் சுரண்டினார். அது பொடிப்பொடியாகத் தரையில் உதிர்ந்தது.

"இருக்கிறதுலயே சின்னது இதுதான்," என்று ஒன்றைச் சுத்தம் செய்து எடுத்துவந்தார்.

காம்பு உதட்டில் பட்டது. குழந்தை ஒன்றும் செய்யவில்லை. தாயின் விரல்கள் ஸ்டூலின் விளிம்பைப் பற்றின. பிறகு, யாரும் கற்றுத்தராத ஏதோ ஒன்றை நினைவுகூர்வது போல, அந்தச் சிறு வாய் ஒருமுறை இழுத்தது, நிறுத்தியது, மீண்டும் இழுத்தது. செவிலி அந்நேரம் பார்த்துக் குதிகாலில் ஊசியை வைத்தார். புருவம் சுருங்கிற்று; வாய் திறக்கவில்லை. உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

"இந்தக் குத்தை எண்ணலை நான்," என்றாள் தாய்.

அடுத்த பதினைந்து நாளில் குழந்தை உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சுவிடுவதையும் ஒன்றோடொன்று இசைக்கக் கற்றுக்கொண்டது. மூக்குக் குழாய் போயிற்று. ஒரு காலைப்பொழுதில் தாயின் மார்பில் முகம் புதைத்து, இருபது நிமிடம் இடைவிடாமல் குடித்தது. குடித்து முடித்ததும் செவிலி பழக்கப்படி சூப்பானை நீட்டினார். குழந்தை அதை நாக்கால் தள்ளித் துப்பியது.

"அசல் கிடைச்சதும் திமிரைப் பாருங்க!" என்று செவிலி சிரித்தார். "தூங்கும்போது வேணும்னா கொடுங்க. ஆறு மாசம் தாண்டினா மெதுவாக் குறைச்சுடுங்க. இவளே விட்டுடுவா போலிருக்கு."

பேரவையின் முப்பது கூட்டங்கள் வாரத்திற்கு ஒன்றாக நடந்துவந்தன. புதிய தடைகள் எவையும் பிறக்கவில்லை. பேரவை அண்மைக்காலமாக முதிர்ச்சியுடன் செயற்படுவதாக நகரத்தார் பேசிக்கொண்டனர். உறுப்பினர்களின் உதடுகள் வெடித்தன. பேராசிரியருக்குத் தாடையில் வீக்கம். ஆயினும் எவரும் முதலில் எடுப்பதாக இல்லை. மற்றவர் எடுப்பார் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தனர்.

ஒன்பதாம் கூட்டம் முடிந்தபின், தலைவர் யாருமறியாமல் பென்சிலின் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். நாற்காலி கேளாமலே ஸ்டூலில் உட்கார்ந்தார். முன்பற்களுக்கு இடையே அவருக்கு ஒரு புதிய இடைவெளி விழுந்திருந்தது. பேசும்போது காற்று விசிலடித்தது.

"பென்சிலு, இன்னும் இருபத்தொரு கூட்டம் இருக்குப்பா. என் பேரன் என்னைப் பாத்துச் சிரிக்கிறான். ஒரே ஒரு வரி போதும். 'தலைவர் தீர்மானத்தை ரத்து செய்தார்'னு எழுதிடு. யாரு படிக்கப் போறா?"

"ஒழுங்கு அலுவலர் படிப்பாருங்க."

"நான் சொன்னதாகவே எழுதிடேன். முன்னெல்லாம் எவ்வளவு அழகா எழுதுவே நீ! நான் என்ன கத்தினாலும் அதை மரியாதையா மாத்திடுவியே!"

"முன்னெல்லாம் தப்பா எழுதினேங்க ஐயா. மன்னிச்சுக்கணும்."

தலைவர் தலையை நிமிர்த்தி, "எனக்கு எழுபது வயசாகுது. உனக்கு இரக்கமே கிடையாதா?" என்றார்.

பென்சில் குடையை எடுத்துக்கொண்டார். வீட்டில் பால் குடித்து முடித்த குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்கும் பொறுப்பு அவருடையது, நேரமாகிவிட்டது.

"இருந்துச்சுங்க," என்றார். "பதினேழு வருஷமா உங்களுக்குத்தான் கொடுத்துக்கிட்டிருந்தேன். இப்ப வீட்டுக்குப் புதுசா ஒருத்தி வந்திருக்கா. அவளுக்கே பத்தலை."